களி கிண்டுதல் பற்றி

1

சென்ற மார்கழியில் என் பேரனுக்குக் களி கிண்டக் கற்றுக்கொடுக்க முற்பட்டேன். அவனுக்குப் பதினொரு வயது. மதுரையில் படிக்கிறான். அரையாண்டுப் பரீட்சை முடிந்து சின்னமனூர் வந்திருந்தான். அவனாகக் கேட்டான் என்று சொன்னால் பொய். ஆசை என்னுடையது. எழுபதைத் தாண்டியவனுக்கு எதையாவது யாரிடமாவது ஒப்படைத்துவிட வேண்டும் என்ற அவசரம் வந்துவிடுகிறது. என்னிடம் நிலபுலன் இல்லை. களி இருந்தது.

காரியம் பார்வைக்கு எளியது. கொதிக்கிற தண்ணீரில் ஒரு கை நொய் போட்டு வேகவைத்து, உப்பிட்டு, கேழ்வரகு மாவை நடுவில் குவியலாகக் கொட்ட வேண்டும். கொட்டியவுடன் கிளறக் கூடாது. துடுப்புக் காம்பால் குவியலின் நடுவே ஒரு துளை போட்டால் அதன் வழியே தண்ணீர் கொதித்து மேலே வரும். தீயைத் தணித்து மூடி வைத்துக் காத்திருக்க வேண்டும். மாவு உள்ளே வெந்த பிறகுதான் துடுப்புக்கு வேலை. பாத்திரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, தோளிலிருந்து பலம் கொடுத்துக் கிண்ட வேண்டும். ஈரவிரலால் தொட்டால் ஒட்டக் கூடாது. அவசரப்பட்டால் கட்டி தட்டும்.

இதையெல்லாம் நான் ஒவ்வொரு படியாக விளக்கினேன். பையன் துளையிலிருந்து எழும்பிய ஆவியைப் பார்த்து எரிமலை என்றான். அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. எனக்கும்தான். என் அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எண்பது வயது. என் உபதேசம் அவளுக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

"எனக்கு யாரு தம்பி சொல்லிக்குடுத்தா?" என்றாள். "கட்டி தட்டுனா அன்னிக்கி முதுகுல ஒண்ணு விழும். மறுநா தட்டாது."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கோபமாகச் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை. அன்று எனக்குப் பதில் தோன்றவில்லை. இங்கே எழுதுவதை அந்தப் பதில் என்று கொள்ளலாம்.

2

எங்கள் பெற்றோர் மேகமலையில் தேயிலைத் தோட்டத்து வேலைக்காரர்கள். ஆங்கிலத்தில் ஹைவேவிஸ் என்று எழுதுகிற இடம். பழைய ஆட்கள் பச்சைக்குமாச்சி என்பார்கள். சுமார் 1500 மீட்டர் உயரம். கீழே சின்னமனூர் வெயிலில் கிடக்கும்போது மேலே வெள்ளையாக மூடியிருக்கும். இன்று பயணிகள் படம் எடுத்துக்கொள்கிற ஏரிகளில் பல அப்போது இல்லை. 1970களில் முடிந்த சுருளியாறு மின்திட்டத்துக்காகத் தேக்கிய நீர் அவை. 2021-லிருந்து அந்த மலை ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதி. என் பத்து வயது வரை அது எனக்கு ஒரு லைன் வீடு, ஓர் அடுப்பு, முன்னால் ஒரு சரிவு.

அந்த வீட்டின் பருவங்களை நான் சாப்பாடாகத்தான் ஞாபகம் வைத்திருக்கிறேன். ஆடிச் சாரலில் கொள்ளு ரசமும் சுட்ட கருவாடும். ஐப்பசியில் இடி இடித்த மறுநாள் காளான். மார்கழியும் தையும் பச்சை மொச்சைக் காலம். கீழேயிருந்து யாராவது மடியில் கட்டிக்கொண்டு வருவார்கள், அன்றைக்குக் களியும் மொச்சைக் குழம்பும். பங்குனியில் முருங்கை, சித்திரையில் மாங்காய். நினைத்தால் இப்போதும் நாக்கில் வருகிறது.

இந்த நினைவுகளை வைத்துக்கொண்டு ஓர் இனிய கட்டுரை எழுதிவிடலாம். நம்மில் பலர் எழுதியும் இருக்கிறோம். 'அம்மாவின் கைப்பக்குவம்' என்பது தமிழ் எழுத்தாளனின் தீராத சொத்து. ஆனால் அக்காவின் பேச்சுக்குப் பிறகு அந்தக் காட்சிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் நான் தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். அடுப்பின் முன்னால் அம்மா இல்லை. அம்மா கொழுந்து கிள்ளப் போயிருக்கிறாள். அடுப்பின் முன்னால் இருப்பது என்னைவிட ஐந்து வயது மூத்த ஒரு பெண்குழந்தை. ஈர விறகு புகைகிறது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஊதுகிறாள். இதை நான் மறக்கவில்லை. ருசியை எழுதும்போது இது பொருட்டாகப் படவில்லை, அவ்வளவே.

3

களியின் சரித்திரத்தையே எடுத்துக்கொள்வோம். கம்பம் பள்ளத்தாக்கு என்றால் பச்சை வயல் என்று இன்று தோன்றுகிறது. அந்தப் பச்சைக்கு வயது அதிகமில்லை. 1876-78 தாது வருஷப் பஞ்சம் இந்தப் பக்கத்து வறண்ட நாட்டை உலுக்கிய பிறகுதான், வெகுகாலமாகக் காகிதத்தில் இருந்த பெரியாற்றுத் திட்டத்துக்கு உயிர் வந்தது. 1886-ல் திருவிதாங்கூரோடு 999 வருஷத்துக்குக் குத்தகை. 1887-ல் வேலை ஆரம்பம், 1895-ல் தண்ணீர். மேற்கே ஓடவேண்டிய ஆற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார் பென்னிகுவிக். இன்றும் இங்கே பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சூட்டுகிறவர்கள் உண்டு. தைப்பொங்கல் அவர் படத்தின் முன்னால் பொங்குகிறது. பள்ளத்தாக்கில் இருபோகம் விளைகிற 14,707 ஏக்கர் அந்தத் தண்ணீரின் கணக்கு.

அதற்கு முன் இங்கே சோளமும் கம்பும் கேழ்வரகும் சாமையும்தான் பெரும்பாலோர் வயிற்றை நிரப்பின. தண்ணீர் வந்த பிறகும் நெல் விளைந்த ஊரில் எல்லா அடுப்பிலும் நெல்லுச்சோறு பொங்கிவிடவில்லை. நாற்று நட்டவள் வீட்டில் அது தீபாவளிக்கும் பொங்கலுக்குமான பண்டம். மற்ற நாளில் களி, கூழ். எங்கள் தலைமுறைக்கு அரிசிச் சோறு கௌரவம், களி வறுமை. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற வாக்குறுதி ஒரு ராஜ்யத்தையே கவிழ்த்ததற்கு இந்தக் கௌரவமும் ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது. கேழ்வரகை யாரும் வாக்குறுதியாகத் தந்திருக்க முடியாது. இப்போது களி மீண்டு வந்திருக்கிறது. சர்க்கரை வியாதிக்காரர்களும், ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்ததைக் கேள்விப்பட்டவர்களும், என்னைப்போல் ஊர் நினைவில் கரைகிறவர்களும் அதைத் தேடுகிறார்கள்.

இதுவரை சொன்னது தானியத்தின் சரித்திரம். அணைக்கு ஆவணம் இருக்கிறது, குத்தகைக்கு ஆவணம் இருக்கிறது. இன்னும் பின்னால் போனால் சின்னமனூர்ச் செப்பேடுகள் இருக்கின்றன. பாண்டியர் தங்கள் குலப்பெருமையையும், மகாபாரதத்தைத் தமிழில் ஆக்கியதையும், மதுரையில் சங்கம் வைத்ததையும், தானம் கொடுத்த நிலத்தின் எல்லையையும் அவற்றில் வெட்டிவைத்தார்கள். நிலத்தில் விளைந்ததை யார் சமைத்தார்கள், அவளுக்கு அதை யார் கற்பித்தார்கள் என்பதைச் செம்பில் வெட்டுவதற்கு அவசியம் இருக்கவில்லை.

4

இலக்கியத்தில் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. குறுந்தொகையின் 167-ஆவது பாட்டில் புதிதாகக் குடித்தனம் வந்த பெண் தயிர் பிசைந்த விரலைக் கழுவாமல் ஆடையில் துடைத்துக்கொண்டு, தாளிப்பின் புகை கண்ணில் ஏற, தானே புளிக்குழம்பு வைக்கிறாள். கணவன் நன்றாக இருக்கிறது என்று சாப்பிட, அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. பாடியவர் கூடலூர் கிழார். அந்தக் கூடலூரை எங்கள் பள்ளத்தாக்குக் கூடலூர் என்று உரிமை கொண்டாட எனக்கு விருப்பமில்லை. நற்றிணை 110-ல் போதனார் பாடிய பெண், பொற்கிண்ணத்துப் பாலுக்குப் போக்குக் காட்டி ஓடியவள், வறுமைப்பட்ட கணவன் வீட்டில் தந்தையின் வளத்தை நினையாமல் வேளை தவறி உண்கிறாள். இந்த அறிவை எங்கே கற்றாள் என்று வளர்த்தவள் ஆச்சரியப்படுகிறாள்.

இரண்டும் உயர்ந்த கவிதைகள். அவற்றைக் குறைசொல்லி நான் பெரியவனாகப் போவதில்லை. ஆனாலும் இரண்டு பெண்களும் அடுப்புக்கு வருவது கல்யாணத்துக்குப் பிறகு. அதற்குமுன் அவர்களுக்குச் செவிலி இருந்தாள், பால் இருந்தது, மணலில் சிற்றில் கட்டிச் சிறுசோறு ஆக்குகிற விளையாட்டு இருந்தது. பெண்பாற் பிள்ளைத்தமிழில் சிறுசோறாக்கல் ஒரு பருவமாகவும் வைக்கப்படுவது உண்டு. நெல்லைப் பக்கத்தில் தை மாதத்தில் பெண்பிள்ளைகள் முற்றத்தில் சிறுவீடு கட்டிப் பொங்கலிடுகிற வழக்கம் இந்த விளையாட்டின் தொடர்ச்சி என்றே தோன்றுகிறது. மணல்சோறு வேகாவிட்டால் யார் முதுகிலும் அடி விழாது. சமையலை முதலில் விளையாட்டாகவும் பிறகு காதலாகவும் அறிகிற பெண்ணைத் தமிழ்க் கவிதை இரண்டாயிரம் வருஷமாக அறிந்திருக்கிறது. செவிலி இல்லாத வீட்டில், செவிலியின் வேலையையும் தாயின் வேலையையும் சேர்த்துச் செய்த எட்டு வயதுப் பெண் அந்தக் கவிதைக்குள் வரவில்லை.

அச்சு வந்தபிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 1951-ல் எஸ். மீனாட்சி அம்மாள் 'சமைத்துப் பார்' நூலை வெளியிட்டார். கைக்கணக்காக இருந்ததை அளவாக மாற்றி, தாயைப் பிரிந்து தூரதேசம் போன பெண்ணுக்கு எழுத்தில் தாயை அனுப்பிவைத்த நூல் அது. அதன் அருமையை நான் மதிக்கிறேன். அந்த நூல் கற்பித்ததும் படிக்கத் தெரிந்த, கல்யாண வயது வந்த பெண்ணுக்குத்தான்.

5

அக்கா மூன்றாம் வகுப்போடு நின்றாள். 1953-ஆம் வருஷம். அந்த வருஷம் சென்னை ராஜ்யத்தில் வேறொன்றும் நடந்தது. முதன்மந்திரியாக இருந்த ராஜாஜி, கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்குப் புதிய திட்டம் கொண்டுவந்தார். தினம் மூன்று மணி நேரம் பள்ளி. மிச்ச நேரத்தில் பையன் தகப்பன் தொழிலைக் கற்கவேண்டும். பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகமும் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று எதிர்த்தார்கள். சொந்தக் கட்சியிலும் எதிர்ப்பு. 1954 ஏப்ரலில் ராஜாஜி பதவி விலகினார், காமராஜ் வந்தார், மே மாதம் திட்டம் வாபஸாயிற்று. தமிழ்நாட்டின் நவீன சரித்திரத்தில் இது ஒரு திருப்பம் என்பதில் எனக்கு ஐயமில்லை. அது வாபஸாகாவிட்டால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

ஆனால் அந்தத் திட்டத்தில் பெண்குழந்தைக்கும் ஒரு விதி இருந்தது. அவள் தாயிடம் சமையலும் வீட்டு நிர்வாகமும் கற்கவேண்டும் என்பது அது. அம்பட்டன் மகன் அம்பட்டனாகவே இருக்கவேண்டுமா என்று மேடைகளில் கேட்ட கேள்வி நம் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. சமைக்கிறவள் மகள் சமைக்கத்தான் வேண்டுமா என்பது அப்படி நினைவில் நிற்கும் கேள்வியாகவில்லை. அது திட்டமாக இல்லாமல் இயற்கையாகத் தோன்றியதால் இருக்கலாம். பையன்களுக்கு அந்தத் திட்டம் ஒரு வருஷத்தில் போயிற்று. அக்காவுக்கு அது வரவும் இல்லை, போகவும் இல்லை. அவள் வீட்டில் அது ஏற்கெனவே இருந்தது.

விடியுமுன் பெரட்டுக்குச் சங்கு ஊதும். அம்மாவும் அப்பாவும் போய்விடுவார்கள். அக்கா தண்ணீர் எடுத்து, எனக்குக் கஞ்சி கொடுத்து, தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டு மத்தியானத்துக்குக் களி கிண்டி, தூக்கில் வைத்து மலைக்குக் கொண்டுபோவாள். பாத்திரம் அசையாமலிருக்க அதன் காதுகளைக் காலால் மிதித்துக்கொள்வாள். துடுப்பு அவள் உயரத்துக்குப் பாதி இருக்கும். அம்மா அடித்தாள் என்று சொல்லும்போது அம்மாவை நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. நிறுவைக்குக் கொழுந்து குறைந்த நாளில், களியிலும் கட்டி இருந்தால், அந்தக் கை வேறு எங்கே போகும்?

இதில் சட்டம் எங்கே நின்றது என்று பின்னாளில் தேடிப் பார்த்தேன். 1951-ஆம் வருஷத் தோட்டத் தொழிலாளர் சட்டம் நல்ல சட்டம். ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை செய்தால் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. பன்னிரண்டு வயது நிரம்பாத பிள்ளையைத் தோட்ட வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. அக்கா தோட்ட வேலைக்குப் போகவே இல்லை. செக்ரோலில் அவள் பெயர் கிடையாது. கொழுந்து கிள்ளுவது வேலை. கிள்ளுகிறவர்களுக்குக் களி கிண்டுவது வேலையாகாது. அவள் கிண்டாவிட்டால் அம்மா மலைக்குப் போயிருக்க முடியாது, தேயிலை பெட்டியில் ஏறியிருக்காது. இருந்தும் அந்தக் கணக்கை வைக்க எந்தப் பேரேடும் இருக்கவில்லை.

அப்படி ஒரு பேரேடு நம் தேசத்தில் முழுமையாகத் திறக்கப்பட்டது மிகச் சமீபத்தில். 1998-99-ல் தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் மாதிரியாக ஒரு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு. 2019-ல் தேசம் முழுவதற்கும். சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடுகிற பெண் அதற்கு ஒருநாளில் 299 நிமிஷம் செலவிடுகிறாள், ஈடுபடுகிற ஆண் 97 நிமிஷம். இந்த எண்களை எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். என்னை நிறுத்தியது வேறு. அந்தக் கணக்கெடுப்பு ஆறு வயதிலிருந்து தொடங்குகிறது. எந்த வயதிலிருந்து கேட்கவேண்டும் என்று கணக்கெடுத்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

6

அப்படியானால் குழந்தைகளுக்குச் சமையல் கற்பிக்கவே கூடாதா? அந்த முடிவுக்கு நான் வரவில்லை. வேறு விதமாகக் கற்பித்தவர்களும் நம்மிடையே இருந்திருக்கிறார்கள்.

1937 அக்டோபரில் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வி, பிற்பாடு சேவாகிராமத்தில் ஆரியநாயகம், ஆஷா தேவி கையில் வளர்ந்தபோது, சமையற்கட்டு வகுப்பறையாயிற்று. பையனும் பெண்ணும் முறைவைத்துச் சமைத்தார்கள், அளந்தார்கள், கணக்கு எழுதினார்கள், பாத்திரம் துலக்கினார்கள். 1947-ல் திண்டுக்கல் அருகே சௌந்தரமும் ராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமமும் அதே வழியில் பிறந்தது. சேர்மாதேவி குருகுலத்தில் இரண்டு பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி போட்டதால் 1925-ல் காங்கிரஸே பிளந்த தேசம் இது. இங்கே எல்லாப் பிள்ளைகளும் ஒரே அடுப்பில் முறைவைத்துச் சமைப்பது எளிய சங்கதியில்லை. ராஜாஜி திட்டத்தையும் காந்தி வழி என்று சொன்னவர்கள் உண்டு. வித்தியாசம் அடுப்பிலேயே தெரிகிறது: ஒன்றில் பையனும் துடுப்பைப் பிடித்தான்.

இன்னோர் உதாரணம் எங்கள் மலையிலேயே இருந்தது. நாங்கள் அதைப் பார்க்கவில்லை. பளியரை நாங்கள் தேன் கொண்டுவருகிறவர்கள் என்ற அளவிலேயே அறிந்திருந்தோம். 1960களின் ஆரம்பத்தில் அவர்களிடையே தங்கிப் படித்த மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர் 1966-ல் எழுதிய கட்டுரையில், அவர்கள் ஒருவருக்கொருவர் காட்டுகிற சமமான மரியாதையைப் பற்றியும், அறிவை உபதேசமாக அன்றி அவரவர் அனுபவமாகச் சேர்த்துக்கொள்வதைப் பற்றியும் விவரிக்கிறார். குழந்தைக்கும் அந்த மரியாதை உண்டு. யாரும் யாரையும் அதட்டுவது அவர்களுக்குப் பிடிக்காது. வள்ளிக்கிழங்கு தோண்டுவதையும் சுடுவதையும் பிள்ளை கூடவே திரிந்து தெரிந்துகொள்கிறது. எங்கள் லைன் வீட்டுக்கு மேலே, நடந்துபோகிற தூரத்துக் காட்டில், அடியில்லாமல் ஒரு சமையல் பாடம் நடந்துகொண்டிருந்தது. நாங்களோ அவர்களை நாகரிகமில்லாதவர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

மூன்றாவதாக, அரசாங்கத்தின் அடுப்பைச் சொல்லவேண்டும். 1956-ல் காமராஜ் தொடங்கிய மதிய உணவைச் சின்னமனூர்ப் பள்ளியில் 1960-ல் சாப்பிட்டவன் நான். 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டம் ஆரம்பமாகி மறுவருஷம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. இந்தத் திட்டங்களைப் பசியைப் போக்கியவை என்றே பேசுகிறோம். எனக்கு இன்னொன்றும் தெரிகிறது. போடிமெட்டுக்கும் கம்பம்மெட்டுக்கும் குமுளிக்கும் விடியுமுன் ஏலக்காட்டு ஜீப்புகள் இன்றும் ஏறிக்கொண்டுதான் இருக்கின்றன. அவற்றில் போகிற தாயின் எட்டு வயது மகள் இன்று தம்பிக்குக் காலையில் கஞ்சி காய்ச்சாமல் பள்ளிக்குப் போய் அவனோடு உட்கார்ந்து சாப்பிட முடியும். அந்த அரைமணி நேரம் அக்காவுக்குக் கிடைத்திருந்தால் நாலாம் வகுப்புக்குப் போயிருப்பாளா? அவளிடம் கேட்டேன். "போயிருப்பேனோ என்னமோ" என்றாள். பிறகு, "ஏன், இப்ப எதுக்கு அது?" என்றாள்.

அக்காவின் மூத்த மகளும் ஒன்பது வயதில் அடுப்பு மூட்டினாள். அக்கா அப்போது ஏலக்காட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். நான் உத்தியோகத்தில் இருந்தேன், கவிதையெல்லாம் படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளை வைத்த மொச்சைக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, அம்மா கைப்பக்குவம் அப்படியே வந்திருக்கிறது என்று பாராட்டியிருக்கிறேன். பாராட்டினேன் என்பதே இப்போது உறுத்துகிறது.

7

பையன் கிண்டிய களி சுமாராகத்தான் வந்தது. தோள் வலிக்கிறது என்று இரண்டு தடவை நிறுத்தினான். இரண்டு மூன்று கட்டிகள். ஈரக்கையால் உருட்டச் சொன்னேன். உருண்டை கோணலாக வந்தது. முதல் உருண்டையை என் தட்டில் வைக்க வந்தான். பழக்கம் அப்படி, யாரும் சொல்லிக்கொடுக்காமலே அதை அவன் எங்கிருந்தோ கற்றிருக்கிறான். அப்பத்தாவுக்கு வை என்றேன்.

அக்கா கூச்சப்பட்டாள். நீ சாப்பிடு தம்பி, நான் பெறகு பாத்துக்கிறேன் என்றாள். எண்பது வயதில் அவளுக்கு முதலில் சாப்பிடத் தெரியவில்லை. பையன் தட்டை அவள் முன்னால் வைத்துவிட்டு நின்றான். குழியில் மொச்சைக் குழம்பை ஊற்றினான். அவள் ஒரு விள்ளல் எடுத்துத் தோய்த்து வாயில் போட்டாள். கட்டியை விரலால் ஒதுக்கி ஓரமாக வைத்தாள்.

"உப்புப் பத்தலை" என்றாள். "நாளைக்கும் நீயே கிண்டு."